சைலன்சர் மாற்றியதும் தொடங்கிய வேட்டு

காரைக்குடியில் என் பழைய பெட்ரோல் காருக்கு கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிக்கடைச் சைலன்சர் மாட்டினேன். அன்றிலிருந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பட்பட்டென்று வெடிக்கும். பிள்ளையார்பட்டி போகும் வழியில் ஆயா, "யாரு வீட்டுக் கல்யாணம், வேட்டுப் போடுறாக?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்தேன். குழாய் வாயைத் தம்பி தடித்த ஈரத்துணியால் லேசாக அடைத்துக்கொள்ள, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் முன் விளிம்பில் (ஃபிளான்ஜ்) குபுகுபுவென்று குமிழி. நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றாமல், பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள்! அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி குழாய்க்குள்ளேயே பற்றியிருக்கிறது.

புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினேன். ஒரு முறை ஓட்டி, ஆறியதும் மறுபடி. இப்போது எப்போதாவது ஒரு சின்ன 'டப்'. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.