வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்க்கு ஜிபிஎஸ் பெல்ட்: மாட்டுவது, பார்ப்பது, பராமரிப்பது

தீபாவளி, கோயில் திருவிழா வாணவேடிக்கை என்றாலே காரைக்குடிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வெடிக்கு மிரண்ட நாய் திசை பார்க்காது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்க்கு வெடிகூட வேண்டாம், ஒரு முயல் எழும்பினால் போதும். கண்மாய்க் கரை தாண்டிக் கருவைக் காட்டுக்குள் போய்விடும். பெல்ட்டை மாட்டிவிட்டால் ஓடாது என்பதில்லை. எங்கே தேடுவது என்று தெரியும், அவ்வளவுதான். அந்த அளவுக்காவது உதவ வேண்டுமானால் கீழே உள்ளதை வெடிச் சத்தம் இல்லாத நாளில் செய்து பழகிவிடுங்கள்.

வாங்கும்போது

நாணய அளவில் விற்கும் புளூடூத் டேக் ஜிபிஎஸ் கிடையாது. அந்தப் பக்கமாகப் போகிறவர் யாருடைய போனாவது அதைக் கண்டுகொண்டால்தான் இடம் தெரியும். செக்காலை ரோட்டில் அது வேலை செய்யலாம். ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க்குள் செய்யாது. சிம் போடுகிற டிராக்கர் (இடம் காட்டும் கருவி) உள்ள பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பெல்ட் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் தன் இடத்தைக் கணக்குப் போட்டு, சிம் வழியாக உங்கள் போனுக்கு அனுப்பும். ஆக மேலே திறந்த வானமும் வேண்டும், பக்கத்தில் செல்போன் டவரும் வேண்டும். பின்னால் வரும் சிக்கல் எல்லாமே இந்த இரண்டில் எது இல்லை என்பதுதான்.

சிம்

முதலில் சிம்மை உங்கள் போனில் போட்டு, உங்கள் ஊரில் டேட்டா வருகிறதா என்று பாருங்கள். சிம்முக்கு PIN நம்பர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். 2ஜி மட்டும் உள்ள டிராக்கரில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஏபிஎன் (சிம்மை இணையத்தோடு சேர்க்கும் அமைப்பு) விவரம் கேட்டால் சிம் நிறுவனத்தின் அமைப்பைப் பார்த்துப் போடுங்கள்.

முதல் சிக்னல்

முழுச் சார்ஜ் ஏற்றி, மொட்டை மாடிக்கோ பொட்டலுக்கோ கொண்டுபோய் அசையாமல் வையுங்கள். முதல் தடவை இடம் காட்டச் சில நிமிடம் பிடிக்கும். வீட்டுக்குள்ளே வளவில் வைத்துச் சோதித்துவிட்டு ‘பொருள் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். நம் பழைய வீட்டுச் சுவரின் கனம் தெரிந்ததுதானே. முற்றத்தில் வானம் தெரிந்தாலும் சிக்னல் நாலு பக்கச் சுவரில் பட்டுத் தெறித்து வரும். ஆத்தங்குடிக் கல் தரையில் கால் நீட்டித் தூங்குகிற நாய், ஆப்பில் மூன்று வீடு தள்ளி உலாத்திக்கொண்டிருக்கும்.

மாட்டுவது

பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். டிராக்கர் பெட்டி பிடரிப் பக்கம் இருக்கட்டும். கீழே தொங்கினால் நாயின் உடம்பே வானத்தை மறைக்கும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், அதனால் சாதாரண பெல்ட் பின்னால் இழுத்ததும் உருவிக்கொண்டு வந்துவிடும். அகலமான பெல்ட்டோ, மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ போடுங்கள். சங்கிலியை டிராக்கர் பெல்ட்டில் கட்டாதீர்கள். பெல்ட்டின் மேல் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதிவிடுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் அது இருக்கும்.

எல்லை வட்டம்

ஆப்பில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தால், நாய் அதைத் தாண்டியதும் போனில் அலாரம் அடிக்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு என்றால், வட்டத்தின் நடுப்புள்ளியை வாசலில் வைக்காமல் வீட்டு நடுவில் வையுங்கள். வட்டம் ரொம்பச் சின்னதாக இருந்தால் நாய் படுத்திருக்கும்போதே அலாரம் அடிக்கும். நாலு தடவை பொய்யாக அடித்தால் ஐந்தாவது தடவை யாரும் போனை எடுக்க மாட்டார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளைகளை ஆப்பில் சேர்த்தால் மட்டும் போதாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனையும் சேருங்கள், ஓடிப்போய்ப் பிடிக்கப் போகிறவர் அவர்தான்.

ஓடிவிட்டால்

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆப்பில் தெரியும் புள்ளி நாய் இருக்கும் இடம் அல்ல, கடைசியாகச் செய்தி வந்தபோது இருந்த இடம். புள்ளியைத் தொட்டு நேரத்தைப் பாருங்கள். 7.40 என்று இருந்து, இப்போது மணி 8.10 என்றால், அரை மணி நேரத்தில் அது எங்கே வேண்டுமானாலும் போயிருக்கும். புள்ளியைச் சுற்றி வட்டம் காட்டினால் நாய் அதற்குள் எங்கேயும் இருக்கலாம்.

உடனே ஆப்பில் நேரலை முறையைப் போடுங்கள், இடத்தை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். அது சார்ஜைக் குடிக்கும், அதனால் மற்ற நாளில் வேண்டாம். நேரம் புதிதாக வந்துகொண்டிருந்தும் புள்ளி நகரவில்லை, ஜிபிஎஸ் இல்லை என்கிறது என்றால், நாய் கூரைக்கு அடியிலோ பாலத்துக் குழாயிலோ பதுங்கியிருக்கும். செய்தியே வரவில்லை என்றால் டவர் இல்லை, அல்லது சார்ஜ் தீர்ந்தது. அப்போது கடைசிப் புள்ளிக்குப் போய், வந்த தடம் எந்தத் திசையில் நீள்கிறதோ அப்படித் தேடுங்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டு மாதிரிக் கூட்டம் கூடும் நாளில் டவர் திணறும், எல்லாம் சரியாக இருந்தும் புள்ளி பின்தங்கும்.

பக்கத்தில் போனதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மிரண்ட நாயைத் துரத்தினால் இன்னும் ஓடும், உட்கார்ந்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் பின்வாசலைத் திறந்து வைத்திருக்கட்டும்.

இதற்கு ஒத்திகை பார்க்கலாம். பெல்ட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து ஒளிந்துகொள்ளச் சொல்லித் தேடிப் பாருங்கள். பையனுக்கும் சந்தோஷம்.

பராமரிப்பு

இரவில் கழற்றிக் கழுத்தைத் தடவிப் பாருங்கள்: உண்ணி, புண், முடி உதிர்ந்த இடம். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் செம்மண்ணும் அழுக்கும் படியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஐபி67 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறி) என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள், அதுவும் புதிதாக இருக்கும்போது. கண்மாயில் நீந்தி வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டுவைக்காதீர்கள், சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். பெட்டி உப்பியிருந்தால் அன்றோடு அதை நாய் கழுத்தில் மாட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

சிம் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பேசாத சிம் என்பதால் செத்துப்போனாலும் யாருக்கும் தெரியாது.