வீட்டிலேயே ஐஸ் பாத் தொட்டி கட்டப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

போன ஏப்ரலில் மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மை வைத்து, 200 லிட்டர் தண்ணீர் பிடித்து, 20 கிலோ ஐஸை உடைத்துப் போட்டேன். போடும் முன் தண்ணீர் 33 டிகிரி. ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு தெர்மாமீட்டரில் 23 டிகிரி. ஏசி அறையில் ராத்திரி முழுக்க வைத்த வாளித் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். இறங்கி உட்கார்ந்தேன், சுகமாக இருந்தது. ஆனால் நான் தேடியது அது இல்லை, உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலிக்காக ஜில்லென்ற தண்ணீரில் சில நிமிடம் உட்காரும் ஐஸ் பாத்.

அன்றைக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். நம் ஊரில் தொட்டி கட்டுவது சின்ன வேலை. தண்ணீரில் இருக்கும் சூட்டை வெளியேற்றுவதும், அது திரும்ப உள்ளே வராமல் தடுப்பதும்தான் பெரிய வேலை. நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டில் எடுத்தவை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குழாயைத் திறந்தாலே 10 டிகிரிக்கு அருகில் தண்ணீர் வரும். அவர்களுக்குத் தொட்டி இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. நமக்கு மாடித் தொட்டியிலிருந்து வருவதே 32, 33 டிகிரி, மே மாதத்தில் இன்னும் அதிகம்.

கணக்குப் போடாமல் ஆரம்பிப்பது

300 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐஸை மட்டும் நம்பினால் சுமார் 65 கிலோ வேண்டும். அதுவும் போட்ட ஐஸ் முழுக்கக் கரைந்து, வெளிச் சூடு கொஞ்சமும் உள்ளே வராவிட்டால்தான். வாரம் நான்கு நாள் என்றால் மாதம் ஒரு டன் ஐஸ்! முதல் வாரம் உற்சாகமாக வாங்கலாம், மூன்றாவது வாரம் தொட்டியில் துணி ஊற வைத்திருப்போம்.

சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின், வாங்குகிறவர்கள் குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 1 எச்பி, அரை எச்பி என்பது கம்ப்ரஸரைப் பற்றிய பேச்சு. நீங்கள் கேட்க வேண்டியது, "வெளியே 38 டிகிரி வெயிலில் இது எத்தனை வாட் குளிர்விக்கும்?" என்பதை. மேலே சொன்ன 300 லிட்டரிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் கிட்டத்தட்ட 7 யூனிட். உண்மையில் 1000 வாட் குளிர்விக்கும் மெஷின் என்றால் 7 மணி நேரம் ஓட வேண்டும். மீன்தொட்டிக்கு விற்கும் குட்டி சில்லரை வாங்கினால் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் 25 டிகிரியில் நின்றுவிடும்.

சில்லரைக் குளியலறைக்குள்ளேயே வைப்பது இன்னொரு தவறு. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது பின்பக்கமாக ஊதுகிறது. மூடிய அறையில் அந்தச் சூடு எங்கே போகும்? திரும்பத் தொட்டிக்குத்தான். ஏசி அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்போமோ அங்கே வையுங்கள்: நிழல், காற்றோட்டம், மழை நேரே படாத இடம். தண்ணீரைச் சில்லருக்குச் சுற்றவிடும் பம்பும் அப்படித்தான். 100 வாட் பம்பை நாள் முழுக்கத் தண்ணீருக்குள் ஓடவிட்டால் அந்த 100 வாட்டும் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். ஏர்கூலர் பம்பு மாதிரிச் சின்னதாக இருந்தால் போதும் என்று நினைத்து மிகச் சிறியதை வாங்கிவிடாதீர்கள், சில்லர் கேட்கும் ஓட்டம் எவ்வளவு என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும்.

இதோடு ஒன்று. 3 டிகிரி, 5 டிகிரி என்று போட்டி போட வேண்டாம். உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரித் தண்ணீரில் நடந்தவை. 32 டிகிரித் தண்ணீரில் குளித்துப் பழகிய உடம்புக்கு 18 டிகிரியே மூச்சை இழுக்க வைக்கும். அங்கிருந்து தொடங்கினால் மெஷினும் சிறியது போதும், கரண்ட் பில்லும் தாங்கும்.

தெர்மாகோல் சுற்றினால் போதும் என்று நினைப்பது

மொட்டையாக நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி மணிக்கு ஒன்றரை டிகிரி வரை சூடேறும். சுற்றிலும் அடியிலும் மேலேயும் 50 மில்லிமீட்டர் தெர்மாகோலோ பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) ஷீட்டோ வைத்தால் உள்ளே வரும் சூடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் முதல் செலவை இங்கே செய்யுங்கள். அடிப்பாகத்தையும் மூடியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் கொதித்த தளத்தின் மேல் நேராக வைத்த தொட்டி, அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்தான்.

இன்னொரு விஷயத்தை வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாது, அவர்களுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. கடலோர ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் இங்கே வியர்க்கும், ஜில்லென்ற மோர் டம்ளர் வியர்ப்பது போல. தெர்மாகோல் துண்டுகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் ஈரக்காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்த சுவரில் தண்ணீராகிவிடும். நான் இரண்டு மாதம் கழித்து ஒரு ஷீட்டைப் பிரித்துப் பார்த்தபோது பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, கையில் எடுத்தால் ஈரத்துணி போலக் கனம். ஆகவே இணைப்புகளை அலுமினிய டேப் போட்டு வெளிப்பக்கமாக அடையுங்கள். குழாய்களுக்கு ஏசி மெக்கானிக்குகள் போடும் கறுப்பு ரப்பர் உறையைப் போடுங்கள். சொட்டும் தண்ணீர் போக ஒரு வழியும் விடுங்கள், அந்த வழியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கக் கூடாது.

கரண்ட்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

"எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, ட்ரிப் ஆகிவிடும்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற வந்ததில்லை. 16 ஆம்பியர் எம்சிபி, 16,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். நனைந்த உடம்பில் 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகப் பாய்ந்தாலே உயிர் போகலாம். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். தொட்டிக்கான லைனில் அது கட்டாயம் இருக்க வேண்டும். அதில் இருக்கும் 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பிரித்துப் பார்த்தால் எர்த் முனையில் வயரே இருக்காது. எர்த் சரியாக இருந்தால் மெஷினில் கசிவு வந்த நிமிடமே ஆர்சிசிபி விழுந்துவிடும். இல்லாவிட்டால் நீங்கள் தொடும்வரை அந்தக் கசிவு காத்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள், டெஸ்டர் விளக்கு எரிவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

சாக்கெட் தொட்டியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வயர் சாக்கெட்டுக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், வயர் வழியாக வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இத்தனையும் செய்த பிறகும், தண்ணீரில் இறங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் என் பழக்கம். ஸ்விட்சை ஆஃப் செய்வது போதாது.

பழைய ஃப்ரீசரில் உட்காருவது

கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் படுக்கை ஃப்ரீசரை வாங்கித் தண்ணீர் நிரப்பும் முறை மிகவும் பிரபலம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃப்ரீசரின் உள்தகடு தண்ணீர் தேக்கச் செய்யப்பட்டதல்ல. மூலைகளின் இணைப்பு வழியே நீர் மெல்ல உள்ளே போய்ப் பஞ்சுபோன்ற ஃபோமில் ஊறும். ஒரு நண்பரின் ஃப்ரீசரில் சிலிக்கான் பூசிய இணைப்பை விரலால் உரித்தபோது, அடியில் டீத்தூள் நிறத்தில் துருக்கோடு ஓடியிருந்தது. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சுவருக்குள்தான் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. வடிகாலுக்காகத் துளை போடப்போய் அதைக் குத்திவிட்டால் ஃப்ரீசர் போச்சு. புதிய மாடல்களில் பெரும்பாலும் எரியும் வாயு இருப்பதால் ஆபத்தும் உண்டு.

அதன் குளிர்விக்கும் சக்தியும் குறைவு. 300 லிட்டரை 12 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். சரி, காத்திருக்கலாம் என்றாலும், அதன் சொந்தத் தெர்மோஸ்டாட் தண்ணீரை உறைய வைத்துவிடும். உறையும்போது நீர் 9 சதவீதம் விரியும், இணைப்புகள் பிளக்கும். இதையே செய்வது என்று முடிவெடுத்தவர்கள், வெளியே மாட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் சென்சாரைத் தண்ணீரிலேயே விடுங்கள், உள்ளே தனியாக ஒரு ஃபைபர் தொட்டியோ தடித்த தார்ப்பாயோ போடுங்கள்.

பழைய விண்டோ ஏசியின் காயிலைத் தண்ணீரில் முக்குவதும் பார்த்திருப்பீர்கள். குளோரின் கலந்த நீரில் அலுமினியமும் செம்பும் அரித்துப்போகும். வேண்டாம்.

எடையை மறப்பது

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 300 லிட்டர், தொட்டி, ஆள் எல்லாம் சேர்த்து 420 கிலோ, ஒரு சதுர மீட்டர் இடத்தில். வீட்டு அறைகளுக்கு இந்தியத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். உடனே இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் நுனியில் வைப்பது மிகத் தவறு. தரைத்தளம் நல்லது. மாடிதான் என்றால் தூணுக்கும் பீமுக்கும் அருகில், ஒரு பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள். நின்ற டிரம் இன்னும் மோசம், அத்தனை எடையும் ஒரு ஸ்டூல் அளவு இடத்தில் இறங்குகிறது.

டிரம் என்றதும் நினைவு வருகிறது: பழைய டிரம் வாங்கினால் உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். ரசாயனம் ஊறிய பிளாஸ்டிக்கை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது.

குளிர்ந்த நீர் சுத்தமான நீர் என்று நம்புவது

குளிர் கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். ஃபில்டர் சில்லருக்கு முன்னால் இருக்க வேண்டும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை, சோதிக்கும் பட்டை கடையில் கிடைக்கும். 5 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 300 லிட்டருக்கு 12 மில்லி ஊற்றினால் 2 பிபிஎம் வரும். கையளவு அள்ளிப் போடுவது வேண்டாம், ஆசிட் கிளீனர் எதனோடும் கலக்கவும் கூடாது. எண்ணெய் தேய்த்த தலையோடு இறங்கினால் ஃபில்டர் ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும், முதலில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு இறங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது சில்லரை அணைத்துத் தண்ணீரை அப்படியே விட்டுப் போவதுதான் பெரிய தவறு. சில நாளில் அது சாதாரணத் தண்ணீர். தெளிந்து நிற்கும் நீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் தாங்கும். எனவே காலி செய்தால் மட்டும் போதாது, அந்த விளிம்பைப் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும்.

ஏறி இறங்குவதை யோசிக்காமல் கட்டுவது

குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு தானாகத் திணறி இழுக்கும். பிரிட்டனில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். முதல் அரை நிமிடம் உச்சம், மூன்று நிமிடத்துக்குள் தணியும். அந்த இழுப்பு வரும்போது முகம் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. ஆகவே தொட்டியின் ஆழம், உட்கார்ந்தால் தோள் வரை நீர் வருமாறு இருக்கட்டும். வேகவேகமாக மூச்சுவிடும் பயிற்சியை இறங்கும் முன்னும் தண்ணீரிலும் செய்யவே செய்யாதீர்கள், மயக்கம் வரும். இரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். யாராக இருந்தாலும் வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

சில நிமிடத்தில் கை மரத்துவிடும், பிடி தளரும். வழவழப்பான விளிம்பைப் பிடித்து எழுவது அப்போது கஷ்டம். தடித்த கைப்பிடி இரண்டு பக்கமும், உள்ளே ஒரு படி, வெளியே வழுக்காத ரப்பர் பாய், இவை முதல் நாளே இருக்க வேண்டும். நின்ற டிரம்மில் 90 சென்டிமீட்டர் சுவரை மரத்த காலோடு தாண்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நான் டிரம்மை விட்டதற்கு ஐஸ் செலவைவிட இதுதான் காரணம்.

மூடிக்கு வெளியே ஒரு கொக்கியும் பூட்டும் போடுங்கள். சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும். நீங்கள் உள்ளே இருக்கும்போது பூட்டும் சாவியும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.