ஷெர்லாக் ஹோம்ஸுக்குப் புதிய கிறிஸ்துமஸ் மர்மம் எழுதுவது எப்படி?

ஹோம்ஸை வைத்துக் கிறிஸ்துமஸ் கதை எழுத நினைப்பவர்கள் குற்றவாளியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வழக்கத்தைத் தேட வேண்டும். பண்டிகைக்கென்றே மக்கள் செய்யும் ஏதோ ஒரு காரியம்தான் குற்றத்துக்கு வழிவிட வேண்டும், துப்பும் அதிலிருந்தே கிடைக்க வேண்டும். கானன் டாயில் எழுதி 1892 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ‘தி ப்ளூ கார்பங்கிள்’ இதற்குச் சரியான பாடம். நம் தீபாவளிச் சீட்டு மாதிரி, வாரம் சில பென்ஸ் கட்டி கிறிஸ்துமஸுக்கு ஒரு கூஸ் வாத்து வாங்குகிறார் ஒருவர். திருட்டு ரத்தினக் கல் அந்த வாத்துக்குள் இருக்கிறது. வாத்து கைமாறும் பாதையைப் பின்தொடர்வதுதான் முழுக் கதையும். கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

அடுத்து ஆண்டு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1891 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் காணாமல் போன ஹோம்ஸ் 1894 வசந்தத்தில்தான் திரும்புகிறார். ஆகவே 1891, 1892, 1893 கிறிஸ்துமஸ்களில் அவரை பேக்கர் தெருவில் உட்கார வைக்க முடியாது. 1890 டிசம்பர் இங்கிலாந்தில் கடும் குளிர் என்பதால் பனிக்கதைக்கு அது தோதாகத் தோன்றும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஹோம்ஸ் பிரெஞ்சு அரசுக்காக வேலை செய்துகொண்டிருந்ததாக மூலக்கதையே சொல்கிறது. 1894 முதல் பத்தாண்டின் இறுதிவரை உள்ள கிறிஸ்துமஸ்கள் பாதுகாப்பானவை. கதையைச் சொல்லும் நண்பர் வாட்சனும் மருத்துவத் தொழிலை விற்றுவிட்டு பேக்கர் தெருவுக்கே வந்துவிட்டார். ஆண்டை முடிவு செய்ததும் கிழமையைப் பாருங்கள். 1895இல் டிசம்பர் 25 புதன்கிழமை.

இனி அந்த 1895ஐயே வைத்து ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். 1871இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டப்படி டிசம்பர் 26ஆம் தேதியும் வங்கி மூடியிருக்கும். புதன், வியாழன் இரண்டு நாளும் விடுமுறை. செவ்வாய் மாலை விருந்துக்காக வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்துவந்த வைர நகை வெள்ளிக்கிழமை காலை வரை வீட்டில்தான் இருந்தாக வேண்டும். திருடனுக்கான காலக்கெடு தானாக அமைந்துவிட்டது.

26ஆம் தேதிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தபால்காரர், குப்பை அள்ளுபவர், தெருவிளக்கு ஏற்றுபவர் என்று ஆண்டு முழுவதும் வேலை செய்தவர்கள் வீடு வீடாக வந்து கிறிஸ்துமஸ் இனாம் கேட்பார்கள். சமையல்காரம்மா சில்லறையை எடுத்துத் தயாராக வைத்திருப்பார். அன்று பின்வாசலில் முன்பின் தெரியாத ஆள் நின்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். திருடன் விளக்கேற்றுபவனாக வருகிறான். பேச்சுக் கொடுக்கிறான், உள்ளே இருக்கும் கூட்டாளி கதவைத் திறந்துவிட அவகாசம் கிடைக்கிறது.

துப்பு எங்கே? அவன் வந்த நேரத்தில். மதியம் மூன்றரை மணிக்கு வந்தான் என்று சமையல்காரம்மா போகிற போக்கில் சொல்லட்டும். டிசம்பர் கடைசியில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உண்மையான விளக்கேற்றுபவர் அந்த நேரத்தில் கையில் கோலோடு கம்பம் கம்பமாக ஓடிக்கொண்டிருப்பார். இனாம் கேட்டு வாசலில் நின்று அரட்டை அடிக்க மாட்டார். கூடவே இரண்டாவது துப்பு ஒன்றும் வையுங்கள்: வழக்கமாக வரும் எட்டுப் பேருக்கு எடுத்து வைத்த சில்லறை அவர்களில் கடைசி ஆள் வரும்போது தீர்ந்திருந்தது, அதாவது நடுவே வேறொருவன் வாங்கிப் போயிருக்கிறான். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் வாசகர் பிடித்துவிடுவார். நேரத்தைச் சமையலறைப் பேச்சிலும், சில்லறையை வேறொரு வேலைக்காரியின் புலம்பலிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே வாட்சனின் கவனத்தை உடைந்த ஜன்னல் போன்ற எதிலாவது திருப்பிவிடுங்கள்.

தமிழில் 4,500 சொற்கள் இந்த அளவுக் கதைக்குப் போதும். பேக்கர் தெரு அறிமுகத்துக்கு 500 சொற்களுக்கு மேல் வேண்டாம். வந்தவர் பிரச்சினையைச் சொல்ல 800, சம்பவ இடத்துக்கு 1,500 கொடுங்கள், ஏனென்றால் துப்பெல்லாம் அங்கேதான். குற்றவாளியைக் கதை பாதியைத் தாண்டுவதற்குள் ஒரு முறையாவது பேச வைத்துவிட வேண்டும். விளக்கம் 700 சொற்களைத் தாண்டினால் துப்புகள் முன்பே சரியாக விதைக்கப்படவில்லை என்று பொருள். விளக்கத்தை வெட்டுவதை விட்டுவிட்டு நடுப்பகுதியைத் திருத்துங்கள். வாட்சன் பார்க்காத எதையும் ஹோம்ஸ் கடைசியில் ஜேபியிலிருந்து எடுக்கக் கூடாது. வாட்சன் பார்த்துவிட்டு அதன் பொருளைத் தவறவிடலாம், அதுதான் அவர் வேலை.

காலப்பிழைகள் சட்டென்று கதையைக் கவிழ்க்கும். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901இல். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் கைரேகையை ஒப்பிட ஆளனுப்ப முடியாது. காது மடல் வைத்த தொப்பி ஊர்ப்புறப் பயணத்துக்கானது, லண்டன் தெருவில் ஹோம்ஸ் அதைப் போட்டுக்கொண்டு நடப்பது பொருந்தாது. லண்டன் கிறிஸ்துமஸ் என்றால் வெண்பனி என்று எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மூடுபனியும் நிலக்கரிப் புகையும் சேறும் எழுதினால் மர்மத்துக்கும் அதுதான் உதவும். உரையாடலில் ஹோம்ஸும் வாட்சனும் ‘நீங்கள்’ என்றே பேசட்டும், நடுவில் மாற்றாதீர்கள்.

காப்புரிமைச் சிக்கல் இல்லை. டாயில் 1930இல் இறந்தார்; இந்தியாவில் 1980 முடிவோடு உரிமை தீர்ந்தது, அமெரிக்காவிலும் கடைசிக் கதைகள் 2023 ஜனவரி 1இல் பொதுவுடைமையாயின. திரைப்படங்களும் தொடர்களும் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களை மட்டும் தொடாதீர்கள்.

முடிவில் மன்னிப்பு வைக்க ஆசை வரும். வையுங்கள், கிறிஸ்துமஸ் கதைக்கு அது அழகு. ஆனால் ‘தி ப்ளூ கார்பங்கிள்’ கதையில் ஹோம்ஸ் திருடனை விடும்போது, பழி சுமந்து சிறையில் இருக்கும் ஹார்னர் மேலுள்ள வழக்கு நிற்காது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டே விடுகிறார். நம் கதையில் கூட்டாளியாக இருந்த வேலைக்காரியை ஹோம்ஸ் மன்னிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் நகை உரியவரிடம் சேர்ந்திருக்க வேண்டும், சந்தேகத்தில் பிடித்து வைத்திருந்த சமையல்காரம்மாவை லெஸ்ட்ரேட் விட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்த வரிகள் மன்னிப்புக்கு முந்திய பக்கத்திலேயே இருக்கட்டும்.