ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அறை வெப்பநிலையைத் தப்பாகக் காட்டினால்: கழற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் வீட்டைச் சூடாக்க யாரும் தெர்மோஸ்டாட் பூட்டுவதில்லை, எல்லாம் ஏசிக்குத்தான். உப்புவெளியில் எங்கள் வீட்டு அறையில் பின்னேரம் போர்வை தேடுகிற குளிர், ஆனால் அறைச் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்துகிற தெர்மோஸ்டாட், சுவரில் இருக்கிற அந்தப் பெட்டி, 29 என்கிறது. 25 வரும்வரை நிறுத்த மாட்டேன் என்று ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் பில் வந்த அன்றுதான் இதை வடிவாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

முதலில், எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். சில மாடல்களில் பெரிதாகத் தெரிவது நீங்கள் வைத்த அளவு, அறையின் வெப்பநிலை மூலையில் சின்னதாக இருக்கும். 80க்கு மேல் காட்டினால் ஃபாரன்ஹீட்டில் கிடக்கிறது. 86 என்பது நம்முடைய 30 பாகைதான், ஆப்பில் செல்சியஸுக்கு மாற்றினால் சரி. சூட்டை அளக்கிற தனி சென்சார் வாங்கி ஹாலில் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், ஏனென்றால் பெட்டி ஹாலின் சூட்டையோ இரண்டு இடத்தின் சராசரியையோ காட்டிக்கொண்டிருக்கலாம்.

நம்பக்கூடிய ஒரு தெர்மாமீட்டர்

காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அதன் அளவே 35 பாகைக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். சமையலறைக்கு விற்கிற, கம்பி வைத்த டிஜிட்டல் ஒன்று போதும். அதையும் அப்படியே நம்பாமல் ஒரு முறை சோதியுங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்கி ஒரு தம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்புகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கம்பியை அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எறிய வேண்டாம், இனிமேல் அது சொல்வதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதை ஒரு நூலில் கட்டி, தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சாண் தள்ளி, சுவரில் ஒட்டாமல் தொங்கவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம் இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையே காலை 6 மணிக்கு, பின்னேரம் 3 மணிக்கு, இரவு 9 மணிக்கு என்று மூன்று தடவை செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது: மூன்று நேரமும் ஒரே வித்தியாசம் என்றால் பெட்டியின் அளவைத் திருத்தினால் போதும்; நேரத்துக்கு நேரம் மாறினால் பிழை பெட்டியில் இல்லை, அது இருக்கிற இடத்தில். எங்களுக்குக் காலையில் வித்தியாசமே இல்லை, 3 மணிக்கு 4 பாகை.

இடத்தைப் பாருங்கள்

வெயில் படுகிறதா, ஏசிக் காற்று நேராக அடிக்கிறதா, கீழே ஃபிரிட்ஜோ டிவியோ வைஃபை ரவுட்டரோ இருக்கிறதா? உட்புறச் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருப்பதுதான் நல்லது. மேற்குப் பக்க வெளிச்சுவர் என்றால் கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற மாதங்களில் படாத பாடு, சீமெந்துக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுதுபட்ட பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். பெட்டியின் ஓட்டைகளில் தூசி இருந்தால் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். ஸ்கிரீனை எப்போதும் முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள், சென்சாரும் அதே சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பெட்டிக்குப் பின்னால் உள்ள ஓட்டை

எங்கள் கள்ளன் இங்கேதான் ஒளிந்திருந்தான். கழற்றுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஏசிக்குப் பூட்டுகிற பல தெர்மோஸ்டாட்களுக்கு 230 வோல்ட் நேராகவே வருகிறது, பழக்கம் இல்லை என்றால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள், இதில் வீரம் வேண்டாம். நாங்களும் தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியை இறக்கிவிட்டு, “அண்ணா, ஒரு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வாங்கோ” என்றார். ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தவுடன் புகை அறைப்பக்கமாக வளைந்து ஓடியது. வயர் வருகிற பைப்பின் மறுமுனை சீலிங்குக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே திறந்து கிடக்கிறது, மத்தியானம் அங்கே காய்கிற காற்றெல்லாம் பைப் வழியாக இறங்கி சென்சாரின் முதுகில் ஊதியிருக்கிறது. பைப்புக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடும் இருந்தது, அது வேறு கதை.

பைப்பின் வாயைக் கொஞ்சம் சிலிக்கன் வைத்து அடைத்தார். பஞ்சு, கடதாசி வைத்து அடைக்காதீர்கள், மின்வயருக்குப் பக்கத்தில் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். வயர் முனைகள் பச்சை பிடித்திருந்தால் அதையும் அப்போதே சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்புக்காற்று செம்பை விட்டுவைக்காது.

கடைசியாகத்தான் ஆப்

செட்டிங்ஸில் வெப்பநிலைத் திருத்தம் என்று ஒன்று இருக்கும். 2 பாகை கூடக் காட்டினால் அங்கே கழித்தல் 2 போட வேண்டும், கூட்டினால் தலைகீழாகிவிடும். பலர் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். நானும் அடைப்பதற்கு முன் கழித்தல் 4 போட்டுப் பார்த்தேன், பின்னேரம் சரியாக இருந்தது, விடியற்காலையில் 26 பாகை அறையை 22 என்று காட்டி ஏசி ஓடவே இல்லை, எல்லோரும் வியர்த்து எழும்பினோம்.

எதை மாற்றினாலும், கரண்ட் போய் வந்தாலும், அரை மணி நேரம் விட்டே பாருங்கள். எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றாலோ, வெறும் கோடு காட்டினாலோ சென்சார் போய்விட்டது, உத்தரவாதம் இருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் பெட்டி இப்போது பின்னேரம் 3 மணிக்கு அரைப் பாகை கூடக் காட்டுகிறது. அதைத் தொடவில்லை.