ஆப்பிரிக்கா பயணமா? மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் முடியுங்கள்

கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்கள் டிக்கெட், விசா எல்லாம் முடித்துவிட்டு இந்த ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதில்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் பல மையங்களில் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டு அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள்.

முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், 60 வயது தாண்டியவர்கள் எல்லாரும் டாக்டரிடம் சொல்லாமல் கையை நீட்டவே கூடாது, ஏனென்றால் இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி.

அப்புறம், ஊசி போட்டதற்கான சான்றிதழான மஞ்சள் புத்தகம் கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, பேட்ச் எண், முத்திரை சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், பத்திரமாக வையுங்கள்.