ஜுர அசதி என்று விட்டுவிடாதீர்கள்

ஒரு கார்த்திகை மாதம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தைக்குச் சளி ஜுரம். மூன்றாம் நாள் சாயங்காலம் பாத்ரூம் போய்த் திரும்பியவரின் இடது கால் செருப்பு வழியிலேயே கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. "ஜுரத்துல கால் ஓஞ்சு போச்சு" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். விடிந்தபோது இடது கையையும் தூக்க முடியவில்லை.

நாங்கள் செய்த முதல் தவறு அதுதான். ஜுர அசதி உடம்பு முழுக்க இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கை கால் தளர்ந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அதாவது மூளையின் ரத்தக் குழாய் அடைத்தோ கசிந்தோ வருவது.

ஜுரத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? கிருமியோடு உடம்பு போராடும்போது ரத்தக் குழாய்களின் உள்சுவரில் அழற்சி உண்டாகிறது. ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் கூடுகிறது, தட்டணுக்கள் சுலபத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தமும் கெட்டிப்படும். ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாய் இந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளலாம். சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, அங்கே உறைந்த கட்டி மூளைக்குப் போய்விடும். பிரிட்டனில் 2004இல் வெளியான பெரிய ஆய்வில், சளி, நெஞ்சுத் தொற்று வந்த முதல் 3 நாட்களில் பக்கவாத ஆபத்து சுமார் 3 மடங்கு இருந்தது. பிறகு சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. சிறுநீர்த் தொற்றிலும் ஆபத்து கூடியது. சின்ன வயதுக்காரர்கள் ஒவ்வொரு ஜுரத்துக்கும் பயப்பட வேண்டாம். சுகர், பிரஷர், இதய நோய், முன்பே பக்கவாதம் வந்தவர்கள் இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் கண் வைத்திருங்கள்.

பலரும் செய்யும் அடுத்த தவறு, "ஜுர மாத்திரையோடு மற்றது சேராது" என்று பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்துவது. டெங்கு என்றால் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டி வரலாம், உண்மைதான். ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதேபோல, வாய் கோணியதும் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். காபி, சோடாவும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

எங்கள் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு: "காலையில ஜிப்மர் ஓபிக்குப் போய்க்கலாம்." புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையில் அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு. கடலூரிலிருந்து கோரிமேடு 25 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். 108ஐக் கூப்பிட்டு, பக்கவாத சந்தேகம் என்றே சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. பெரிய குழாய் அடைப்பைக் கருவி வைத்து எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரை பயன்படும்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" டாக்டர் கேட்ட முதல் கேள்வி அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் அத்தை மகள்தான் சொன்னாள்: நேற்று நாலு மணிக்குக் காபி குடித்துவிட்டு, டம்ளரை அம்மாவே கழுவிக் கவிழ்த்தார்.