சான் டியேகோவில் ப்ராஜெக்ட் வழிச் சார்ட்டர் பள்ளி: பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்

ப்ராஜெக்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுதான் நினைவுக்கு வரும். கடையடைக்கும் நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய தெர்மாக்கோல், சார்ட் பேப்பர். எரிமலையை அப்பா செய்வார், பெயரைப் பிள்ளை எழுதும். சான் டியேகோவின் ஹை டெக் ஹை போன்ற சார்ட்டர் பள்ளிகளில் அந்த நினைப்போடு நுழைந்தால் முதல் மாதமே குழம்பிப் போவீர்கள். அங்கே பாடம் நடப்பதே ப்ராஜெக்ட் வழியாகத்தான். ஒரே ப்ராஜெக்ட் பல வாரங்கள் ஓடும்.

முதலில், சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. கலிஃபோர்னியாவில் இதற்கான சட்டம் 1992இல் வந்தது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. பெற்றோர் இத்தனை மணி நேரம் வந்து வேலை செய்தால்தான் இடம் என்றும் சொல்ல முடியாது. நன்கொடை கேட்டுக் கடிதம் வரும்; கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், பிள்ளையின் இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹை டெக் ஹை 2000இல் பாயிண்ட் லோமாவில், பழைய கடற்படைப் பயிற்சி மையம் இருந்த வளாகத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது. இப்போது சூலா விஸ்டாவிலும் சான் மார்கோஸிலும் தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை வைத்திருக்கிறது.

குலுக்கல்

சிபாரிசும் ரேங்க் கார்டும் இங்கே செல்லாது. இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். ஹை டெக் ஹை வீட்டு முகவரியின் ஜிப் கோடை (அஞ்சல் குறியீடு) பார்த்துக் குலுக்குகிறது. எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் கலந்து படிக்க வேண்டும் என்பது நோக்கம். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவாகச் சார்ட்டர் பள்ளிகள் முன்னுரிமை தரும்.

வந்த புதிதில் கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டில் இருந்துகொண்டு விண்ணப்பித்துவிட்டு, இரண்டு மாதத்தில் வேறு ஊருக்குக் குடிபோவது நம்மவர்களிடையே வழக்கம். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். சேர்க்கையின்போது வாடகை ஒப்பந்தம், மின்சார பில் போன்றவற்றைக் கேட்பார்கள். முகவரி ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடமும் போகலாம். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான குலுக்கல் குளிர்காலத்தின் கடைசியிலேயே முடிந்துவிடும். நீங்கள் ஜூன், ஜூலையில் வந்திறங்கினால் காத்திருப்போர் பட்டியல்தான். அதற்காக மனம் தளர வேண்டாம்: பள்ளி திறக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் வாரங்களில்தான் அந்தப் பட்டியல் வேகமாக நகரும். ஆனால் அழைப்பு வந்தால் பதில் சொல்ல ஒன்றிரண்டு நாள்தான் தருவார்கள். தெரியாத நம்பர் என்று போனை எடுக்காமல் விட்டவர்கள், இந்தியாவில் வைத்திருந்த பழைய நம்பரைக் கொடுத்தவர்கள் எல்லாம் இடத்தை இழக்கும் தருணம் அது. குரலஞ்சல், மின்னஞ்சலின் ஸ்பாம் பகுதி இரண்டையும் தினமும் பாருங்கள்.

அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை, வைத்திருக்கவும் கூடாது. உங்கள் முகவரிக்குரிய பொதுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கே படிப்பதால் சார்ட்டர் பட்டியலில் உள்ள இடம் பறிபோகாது. சார்ட்டரில் சேர்க்கை முடிந்து முதல் நாள் தேதி கைக்கு வந்தபின் பழைய பள்ளியிலிருந்து விலகினால் போதும்.

காகிதங்கள்

விசா நிலையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ சேர்க்கைக்கு நிபந்தனை ஆகாது. எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள் தாராளமாகச் சேரலாம். வகுப்பு வயதைப் பொறுத்தது: செப்டம்பர் 1க்குள் 5 வயது நிரம்பினால் கிண்டர்கார்டன், 6 நிரம்பினால் முதல் வகுப்பு. ஊரில் ஒன்றாம் வகுப்பு பாதி முடித்தது என்று வாதாடுவதில் பொதுவாகப் பயனில்லை.

உண்மையில் ஆட்களைத் தடுத்து நிறுத்துவது தடுப்பூசி அட்டைதான். நம் ஊர் அட்டை முழுமையாக இருந்தாலும் இங்கே பற்றாக்குறை காட்டும். காரணங்கள் மூன்று. 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த மருந்திலிருந்து ஒரு வகைக் கிருமி நீக்கப்பட்டது அப்போதுதான். அடுத்து, ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்கு முந்தையது என்பதால் செல்லாது. பிறந்தநாளுக்குப் பின் இரண்டு எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) வேண்டும். மூன்றாவது, சின்னம்மைக்கு இரண்டு டோஸ் கேட்பார்கள். அரசு மருத்துவமனை அட்டவணையில் அது இல்லை. ஏழாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு டிடேப் (Tdap: டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல்) என்ற ஊசியும் வேண்டும். ஊரில் பத்து வயதில் போட்ட டி.டி. அதற்கு ஈடாகாது. கிளம்புவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் தேதி, ஊசியின் முழுப் பெயர் ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்டால் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி.யால் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

வீட்டு மொழிப் படிவத்தில் பயந்துகொண்டு ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். நன்றாகச் செய்தால் ஆங்கிலம் சரளம் என்று பதிந்துவிடுவார்கள், அதோடு முடிந்தது. தடுமாறினால் கூடுதல் உதவி கிடைக்கும். பேசி, எழுதி, விளக்கியே ஆக வேண்டிய இத்தகைய பள்ளியில் அந்த உதவி பெரிய விஷயம்.

வகுப்பறையில்

ஒரு ப்ராஜெக்ட் கேள்வியோடு தொடங்கும். உதாரணமாக, நம் பகுதி ஓடையில் மழைக்காலத்தில் எதெல்லாம் கலக்கிறது? பிள்ளைகள் அளப்பார்கள், படிப்பார்கள், வரைவு எழுதுவார்கள். சக மாணவர்கள் குறை சொல்ல, இரண்டாம் வரைவு, மூன்றாம் வரைவு. கடைசியில் எக்ஸிபிஷன்: பெற்றோரும் வெளியாட்களும் வந்து கேள்வி கேட்கும் மாலை. அலுவலக மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டுப் போக வேண்டிய நாள் இது. பருவ முடிவில், தான் கற்றதைப் பிள்ளையே ஒரு குழு முன் நின்று எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சியும் உண்டு.

வீட்டில் ‘இன்று என்ன பாடம்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தால் படிப்பு நடக்கிறது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் அது. மதிப்பிடும் அளவுகோல் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் எதற்கு என்பது அதில்தான் இருக்கும்.

பெற்றோர் உட்கார்ந்து செய்து கொடுத்தால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். எக்ஸிபிஷனில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். குழு வேலையில் ஒருவர் தலையில் எல்லாம் விழுவது இன்னொரு பழைய வியாதி. யார் எதைச் செய்தார்கள் என்று பிள்ளை தேதியோடு குறித்து வைத்தால் புகாரை எளிதாகத் தீர்க்கலாம்.

கணக்கு பற்றிய கவலை நியாயமானதே. ப்ராஜெக்டுக்குள் பின்னம் வரும், ஆனால் பின்னத்தை ஐம்பது முறை போட்டுப் பழக நேரம் வராமல் போகலாம். கணக்குக்குத் தனி வகுப்பு உண்டா, எத்தனை நிமிடம் என்று சேரும் முன்பே கேளுங்கள். 3 முதல் 8 வரையும் 11ஆம் வகுப்பிலும் மாநிலத் தேர்வு சார்ட்டருக்கும் கட்டாயம். வெளியிலிருந்து வரும் அளவுகோல் என்று பார்த்தால் அதுதான், அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாப்பாடும் பயணமும்: 2022-23 முதல் கலிஃபோர்னியப் பொதுப் பள்ளிகளில் காலை, மதியம் இரண்டு வேளை உணவும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம், சார்ட்டரிலும். சைவப் பிள்ளைகளின் பெற்றோர் ஜெலட்டின் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளுக்குப் பேருந்து கிடையாது. ஒரே கார் உள்ள வீடு என்றால் குலுக்கலுக்கு முன்பே இதைக் கணக்குப் போடுங்கள்.

உயர்நிலைப் பள்ளி

ஹை டெக் ஹையின் அணுகுமுறையில் திறமை பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதில்லை, ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களும் இல்லை, ஒரே வகுப்பில் இருந்தபடி ஹானர்ஸ் என்ற கூடுதல் கடினமான நிலையை எடுக்கலாம். ஏ.பி. எழுதியே ஆக வேண்டும் என்றால் வெளி மாணவரை அனுமதிக்கும் பள்ளியை இலையுதிர் காலத்திலேயே தேடிப் பதிய வேண்டும்; தேர்வு மே மாதம் என்று வசந்தம் வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் பருவத்துக்கு 11 யூனிட் வரை படிப்பது பல பிள்ளைகளுக்கு இன்னும் வசதியான வழி. யு.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் கேட்கும் 15 ஆண்டுப் பாடங்களின் பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். ஆங்கிலமல்லாத மொழி இரண்டு ஆண்டு என்ற கட்டத்துக்குத் தமிழ்ப் பள்ளிப் படிப்பு செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விசா நிச்சயமில்லாததால் ஊர் திரும்பும் வாய்ப்புள்ள குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் சேர்வது எளிது, நடுவில் 10இலும் 12இலும் நுழைவது கடினம். திரும்பும் ஆண்டை முடிந்தவரை அதற்கேற்ப வைத்துக்கொண்டு, கடைசி ஆறு மாதமாவது பாடநூல் கணக்கையும் அறிவியலையும் வீட்டில் தொடங்கிவிடுங்கள்.